பலசரக்கும் மருந்துச்சரக்கும்: சோதனை முடிவு பிசகினால் எங்கே தேடுவது

திருகோணமலையிலும் சுற்றுவட்டாரத்திலும் மஞ்சள், மிளகாய்த்தூள், தேன், சூரணம், காய்ந்த வேர், பட்டை ஆகியவற்றைச் சோதிக்கும் சிறிய ஆய்வுகூடங்களுக்கான குறிப்பு இது. கையில் ரி.எல்.சி. தட்டு (சாற்றை மெல்லிய சிலிக்காப் படையில் ஓடவிட்டு அதிலுள்ள சேர்வைகளைப் புள்ளிகளாகப் பிரிப்பது), புறஊதா விளக்கு, கனலடுப்பு, சாம்பலாக்கும் மஃபிள் உலை, அமுக்க நீராவியால் கிருமி கொல்லும் ஓட்டோகிளேவ், கிருமி வளர்க்கும் இன்கியூபேற்றர், நுணுக்குக்காட்டி இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். மேசையில் தெரிகிற அறிகுறியின் தலைப்புக்குப் போய், அதன் கீழ் உள்ளவற்றை வரிசையாகச் செய்து பாருங்கள். காசு செலவில்லாத காரணம் முதலில், பெரிய செலவு கடைசியில். வெப்பநிலை எல்லாம் செல்சியசில்.

"கலப்படம்" என்று எழுதிக் கையெழுத்து வைக்க முன் ஒரு கணக்குப் பாருங்கள். சிறிய கூடத்தில் பிசகும் முடிவுகளில் பெரும்பாலானவை சரக்கின் குற்றம் அல்ல. ஈரம், தண்ணீர், தராசு, பழைய கரைசல் ஆகியவற்றின் குற்றம். மார்கழி மழையிலும் ஆடிக் கச்சான் காற்றிலும் ஒரே தட்டு இரண்டு விதமாக ஓடும் ஊர் இது.

எந்த அறிகுறிக்கும் முதல் வேலை

மூன்று சோதனைகளைப் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டுங்கள். ஒன்று, சரக்கே போடாத வெற்றுச் சோதனை. இரண்டு, நீங்களே முழுதாக வாங்கி, பார்த்து, அரைத்து வைத்த நல்ல சரக்கு. மூன்று, அதே நல்ல சரக்கில் தெரிந்த அளவு கலப்பைப் போட்டது. வெற்றுச் சோதனையிலும் அதே அறிகுறி வந்தால் கரைசலோ பாத்திரமோதான் காரணம். நல்ல சரக்கிலும் வந்தால் முறை பிழை. மூன்றாவதில் வரவேண்டியது வராவிட்டால் அந்தச் சோதனை இன்று வேலை செய்யவில்லை; அன்றைக்கு "இல்லை" என்று எந்த அறிக்கையும் கொடுக்காதீர்கள்.

கூடவே மாதிரி எடுத்த விதத்தையும் கேளுங்கள். 50 கிலோ மூட்டையின் வாயில் அள்ளிய ஒரு கை அளவு மூட்டையைச் சொல்லாது. மேல், நடு, அடி மூன்றிலும் எடுத்துக் கலந்து, வட்டமாகப் பரப்பி நான்காகப் பிரித்து, எதிரெதிர்க் கால்களை மட்டும் வைத்து மீண்டும் கலக்க வேண்டும். பூஞ்சண நஞ்சான அஃபிளாரொக்சினுக்கு இது இன்னும் கடுமை. கெட்ட நாலு மிளகாய்தான் முழு மூட்டைக்கும் நஞ்சு கொடுக்கும். ஆகவே எடுத்தது முழுவதையும் அரைத்த பிறகே சோதனைக்குரிய சிறுபங்கைப் பிரியுங்கள்.

ரி.எல்.சி.: புள்ளி வால் விட்டு இழுபடுகிறது

*அதிகம் இட்டிருக்கலாம்.* பத்தில் ஒன்பது தடவை இதுதான். 1 கிராம் தூளை 10 மி.லீ. மெதனோலில் எடுத்த சாற்றை ஒரே தட்டில் 2, 5, 10 மைக்ரோலீற்றர் என்று மூன்று இடத்தில் இடுங்கள். 2 இட்ட இடத்தில் புள்ளி உருண்டையாக நின்றால் வேறெதையும் தேட வேண்டாம்.

*இட்ட இடம் காயவில்லை.* மெதனோல் ஈரத்தோடு தட்டைத் தொட்டிக்குள் இறக்கினால் புள்ளி கிளம்பும்போதே பரந்துவிடும். குளிர்காற்றில் 5 நிமிடம் காய விடுங்கள். வாசனைச் சரக்கென்றால் சூடான காற்று வேண்டாம், எண்ணெய் பறந்துவிடும்.

*சீனியும் பிசினும்.* லேகியம், பாணி, வெல்லம் சேர்ந்த உருண்டை என்றால் இட்ட இடத்திலிருந்தே பழுப்பாக ஒரு பட்டை எழும்பும். 2 கிராமை 20 மி.லீ. வெந்நீரில் கரைத்து ஆறவிட்டு, 20 மி.லீ. எதைல் அசற்றேற்றுடன் பிரிபுனலில் குலுக்கி, மேற்படையை மட்டும் எடுத்து வற்றவைத்து 1 மி.லீ. மெதனோலில் கரைத்து இடுங்கள். சீனி கீழ்ப்படையோடு போய்விடும்.

*காரமோ அமிலமோ உள்ள பொருள்.* அல்கலோயிட்டு உள்ள சரக்கு, உதாரணமாக ஆடாதோடை, சிலிக்காவில் ஒட்டிக்கொண்டு வால் விடும். தொட்டிக்குள் ஒரு சிறு முகவையில் செறிந்த அமோனியா 5 மி.லீ. வைத்து ஆவி நிரம்ப விட்டு ஓட்டுங்கள். திரிபலாவில் உள்ளது போன்ற அமிலச் சேர்வைகளுக்கு மறுபக்கம்: ஓடும் கரைப்பானில் 100க்கு 1 பங்கு போமிக் அமிலம்.

இவ்வளவும் செய்து நல்ல சரக்கின் புள்ளியும் வால் விட்டால் தட்டுப் பெட்டியை மாற்றுங்கள். உறை திறந்து ஆறு மாதம் வெளியில் கிடந்த தட்டு கரைப்பான் ஆவியையும் கூடத்தின் அமில ஆவியையும் குடித்திருக்கும்.

ரி.எல்.சி.: நேற்று ஒரு உயரம், இன்று வேறு உயரம்

முதலில் ஒரு சந்தேகம் தீரட்டும். ஆர்.எஃப். எண்ணை (புள்ளி ஏறிய தூரத்தைக் கரைப்பான் ஏறிய தூரத்தால் வகுத்தது) தட்டுக்குத் தட்டு ஒப்பிடுவதே பிழையான பழக்கம். ஒப்பிட வேண்டிய நல்ல சரக்கு அதே தட்டில், பக்கத்துப் பாதையில் ஓட வேண்டும். இரண்டும் சேர்ந்து ஏறி இறங்கினால் அடையாளம் காண்பதில் சிக்கல் இல்லை. பாதி முறைப்பாடு இங்கேயே முடிந்துவிடும்.

அப்படியும் பக்கத்துப் புள்ளிகள் ஒன்றோடொன்று ஒட்டிப் பிரியாமல் போகிறதென்றால் ஈரத்தைப் பாருங்கள். சிலிக்கா காற்றிலுள்ள நீரை நிமிடக் கணக்கில் குடிக்கும். ஐப்பசி முதல் தை வரை வாடைக் காலத்தில் கடற்கரையோரக் கூடத்தில் தட்டு ஈரத்தோடே இருக்கும்; புள்ளிகள் வழக்கத்தை விட மேலே ஓடிக் குவியும். கச்சான் வீசும் மாதங்களில் தட்டு வறண்டு, புள்ளி கீழே தங்கும். தட்டை 105 பாகையில் 30 நிமிடம் வைத்து டெசிக்கேற்றரில் (ஈரம் உறிஞ்சும் சிலிக்கா போட்ட மூடிய பாத்திரம்) ஆறவிடுவது முதற்படி. ஆனால் ஆறிய தட்டை வெளியே வைத்து ஆறுதலாகப் பத்துப் பாதை இட்டால் அந்த வேலை முழுதும் வீண். அதைவிட நிலையான வழி, தட்டை உலர்த்தாமல் ஈரத்தைக் கட்டுப்படுத்துவது: மூடியுள்ள கண்ணாடித் தொட்டியின் அடியில் மக்னீசியம் குளோரைட்டின் நிரம்பிய கரைசலை, அடியில் கரையாத உப்பு கிடக்கும்படி வைத்து, சாற்றை இட்டுக் காய்ந்த தட்டை அதற்கு மேல் ஒரு தாங்கியில் அரை மணி நேரம் வையுங்கள். உள்ளே ஒப்பீரப்பதன் 33 வீதத்துக்குக் கிட்ட நிற்கும். மழையானாலும் கச்சானானாலும் ஒரே தட்டு.

அடுத்தது கரைப்பான். நேற்றைய கலவையை இன்றும் பாவித்திருந்தால் இலகுவில் ஆவியாகும் பங்கு போய்விட்டிருக்கும். தொலுயீனும் மெதனோலும் கலந்த கலவையை ஒவ்வொரு ஓட்டத்துக்கும் புதிதாகக் கலக்குங்கள். 20 மி.லீ. மிச்சம் பிடிப்பதற்காக ஒரு நாள் வேலையை இழக்க வேண்டாம்.

ரி.எல்.சி.: கரைப்பான் விளிம்பு வளைந்து ஏறுகிறது

ஓரப் பாதைகள் உயர்ந்தும் நடுப் பாதை தாழ்ந்தும் இருந்தால் தொட்டி ஆவியால் நிரம்பவில்லை. உட்சுவரில் வடிதாள் ஒட்டி, கரைப்பானால் நனைத்து, மூடி 20 நிமிடம் விடுங்கள். ஒரு பக்கம் மட்டும் சரிந்து ஏறினால் தொட்டி சமமாக நிற்கவில்லை, அல்லது குளிரூட்டியின் காற்று ஒரு பக்கம் அடிக்கிறது. தட்டின் ஓரச் சிலிக்கா உதிர்ந்திருந்தாலும் இப்படி வரும். இரு ஓரமும் 1 செ.மீ. விட்டு இடுங்கள்.

ரி.எல்.சி.: ஒன்றும் தெரியவில்லை, அல்லது தட்டு முழுவதும் கறுத்துவிட்டது

தெரியவில்லை என்றால் கரைப்பான் மட்டம் இட்ட கோட்டுக்கு மேலே இருந்ததா என்று பாருங்கள். சாறு தொட்டிக்குள் கரைந்துபோயிருக்கும். கோடு அடியிலிருந்து 1 செ.மீ., கரைப்பான் அரை செ.மீ. புறஊதா விளக்கு 254 நனோமீற்றரில் எரிகிறதா 366இலா என்பதையும் பாருங்கள். ஒளிர்பொருள் சேராத தட்டில் 254 எதையும் காட்டாது.

முழுத் தட்டும் ஊதாவாகவோ கறுப்பாகவோ போனால், புள்ளிகளுக்கு நிறம் வரத் தெளிக்கும் அனிசல்டிகைட்டுக் கரைசல் பழசு. புதிதாகக் கலக்கும் ஒழுங்கு: அனிசல்டிகைட்டு 0.5 மி.லீ., அசற்றிக் அமிலம் 10 மி.லீ., மெதனோல் 85 மி.லீ.; இதைப் பனிக்கட்டியில் வைத்துக் குளிரவிட்ட பின் கடைசியாகச் செறிந்த சல்பூரிக் அமிலம் 5 மி.லீ. துளித்துளியாக. ஒழுங்கை மாற்றினால் கொதித்துத் தெறிக்கும். குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். செம்மை ஏறியதும் கொட்டிவிடுங்கள். சூடாக்குவது 100 முதல் 105 பாகையில் 5 நிமிடம், கண்ணால் பார்த்துக்கொண்டே.

புள்ளி பொருந்துகிறது, ஆனால் சரக்கு பொருந்தவில்லை

நிதானம் வேண்டிய இடம் இது. ஒரே ஒரு அடையாளச் சேர்வையை வைத்து "அசல்" என்று எழுதினால் ஏமாற்றுகிறவருக்கு வேலை இலகு.

மரமஞ்சளை எடுங்கள். இலங்கையில் அந்தப் பெயரில் வழங்குவது சிங்களத்தில் வெனிவெல் எனப்படும் கொடியின் தண்டு. இந்தியாவிலிருந்து வரும் இமயமலை முட்செடியின் கட்டையும் அதே பெயரில் விற்கும். இரண்டிலும் பெர்பெரின் இருக்கிறது. 366இல் இரண்டும் மஞ்சளாக ஒளிரும், ஒரே உயரத்தில். தட்டு இவற்றைப் பிரிக்காது, கத்தி பிரிக்கும். குறுக்காக வெட்டி நனைத்துக் கைவில்லையால் பாருங்கள். கொடித்தண்டில் அகன்ற ஆரைகளும் பெரிய துளைகளும் தெரியும். செடிக்கட்டையில் துளைகள் நுணுகி நெருங்கியிருக்கும். தூளாகவே வந்திருந்தால் நுணுக்குக்காட்டிதான் துணை. அதிலும் தெளிவில்லை என்றால் முடிவு எழுதாமல் நிறுத்துங்கள்.

நன்னாரியும் இதே கதை. மாகாளிக் கிழங்கின் மணமும் நன்னாரியின் மணமும் ஒரே சேர்வையால் வருகின்றன. மணத்தை வைத்தோ அந்த ஒரு புள்ளியை வைத்தோ பிரிக்க முடியாது. மாகாளி தடித்த சதைப்பிடிப்பான வேர், நன்னாரி மெல்லியது, தோலில் குறுக்கு வெடிப்பு உள்ளது. வெட்டி உலர்த்திய துண்டில் கண் ஏமாறும். எனவே முழு வேராகக் கேட்டு வாங்குங்கள்.

மஞ்சளில் மறுபக்கச் சிக்கல். நல்ல மஞ்சளின் மெதனோல் சாற்றைக் குளோரோபோம் 95, மெதனோல் 5 கலவையில் ஓட்டினால் மூன்று மஞ்சள் புள்ளிகள் வரிசையாக நிற்கும். மேலே உள்ளது குர்க்குமின், கீழே இரண்டும் அதன் கூட்டாளிகள். ஒரே ஒரு தடித்த புள்ளி மட்டும் வந்தால் தொழிற்சாலைக் குர்க்குமின் சேர்த்திருக்கிறார்களா என்று சந்தேகிக்கலாம். ஆனால் அதற்கு முன் 2 மைக்ரோலீற்றராகக் குறைத்து இட்டுப் பாருங்கள். கூட இட்டால் மூன்றும் சேர்ந்து ஒன்றாகத் தெரியும்.

தாவரத்தின் இனத்தை நிச்சயிக்க வேண்டியிருந்தால், இலையும் பூவும் ஒட்டிய மாதிரியோடு தாவரவியலாளரிடம் போவதே கடைசிப் படி. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் சித்த மருத்துவம் கற்பிக்கிறார்கள். சரக்கைக் கையால் அறிந்தவர்களை அருகிலேயே கேட்கலாம்.

மஞ்சள்தூள் அமிலம் பட்டதும் சிவக்கிறது

செறிந்த ஐதரோகுளோரிக் அமிலம் பட்டால் நல்ல மஞ்சளும் செம்மையாகும். பதற வேண்டாம். அரைக் கரண்டித் தூளை 5 மி.லீ. மதுசாரத்தில் குலுக்கித் தெளிய விட்டு, மேல்நீரில் சில துளி அமிலம் விடுங்கள். சிவந்ததும் அதே அளவு, பிறகு இரண்டு மடங்கு நீர் ஊற்றுங்கள். செம்மை மறைந்தால் மஞ்சளின் நிறம்தான். நீர் ஊற்றியும் ஊதாச் சிவப்பு நின்றால் மெற்றானில் மஞ்சள் என்ற சாயம் இருக்கலாம். தெரிந்த சாயத்தைப் பக்கத்தில் இட்டு ரி.எல்.சி.யில் உறுதிப்படுத்துங்கள். தூளிலேயே அமிலம் விட்டதும் நுரைத்தால் சுண்ணாம்புத்தூள்.

அயடீன் விட்டு நீலம் வந்ததால் "மா கலந்தது" என்று எழுதும் பழக்கம் ஒன்று இருக்கிறது. மஞ்சளிலேயே மாப்பொருள் உண்டு. அந்தச் சோதனை இங்கே எதையும் சொல்லாது. நீரில் ஏற்றி நுணுக்குக்காட்டியில் பாருங்கள்: அவித்து உலர்த்திய மஞ்சளில் மாப்பொருள் வெந்து, மஞ்சள் நிறக் கட்டிகளாக இருக்கும். இடையிடையே நிறமற்ற, கோணலான, மிகச் சிறிய மணிகள் குவியலாகத் தெரிந்தால் அரிசி மா. அவிக்காமல் சீவி உலர்த்திய மஞ்சளில் அதன் சொந்த மணிகள் முழுதாக இருக்கும். அவை தட்டையானவை, முட்டை வடிவம், பெரியவை. இதை மறந்து நேர்மையான வியாபாரியைப் பிடித்துவிடாதீர்கள்.

மிளகாய்த்தூள் தண்ணீரில் நிறம் விடவில்லை, ஆனாலும் நிறம் சந்தேகம்

தண்ணீர்ச் சோதனை நீரில் கரையும் சாயத்தை மட்டுமே காட்டும். சூடான் சாயங்கள் எண்ணெயில் கரைபவை. நீரில் ஒரு கோடும் விடாது. "நிறம் ஓடவில்லை, நல்ல தூள்" என்பது பாதி விடை. சந்தேகம் தீராவிட்டால் எச்.பி.எல்.சி. (சேர்வைகளைப் பிரித்து அளக்கும் உயர் அமுக்கத் திரவக் கருவி) உள்ள கூடத்துக்கு அனுப்புங்கள். இங்கே ரி.எல்.சி.யில் மிளகாயின் சொந்தச் சிவப்புப் புள்ளிகள் பல இருப்பதால் குழப்பம் கூடும்.

உலர்த்தியும் எடை நிலைக்கு வரவில்லை

105 பாகையில் உலர்த்தி, அடுத்தடுத்த இரண்டு நிறுவைக்கு இடையே 5 மி.கிராமுக்குள் வந்தால் போதும். வராவிட்டால் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பாருங்கள்.

எடை கூடிக்கொண்டே போனால் முதலில் டெசிக்கேற்றரின் சிலிக்கா. நீலமாக இருந்தது இளஞ்சிவப்பாகிவிட்டதா? 120 பாகையில் 3 மணி நேரம் வறுத்து மீண்டும் போடுங்கள். மூடியின் கிரீசு காய்ந்திருந்தால் வாடைக் காலத்தில் இரவோடு இரவாக ஈரம் புகும். எள், கடுகு போன்ற எண்ணெய்ச் சரக்கு நீண்ட நேரச் சூட்டில் ஒட்சியேறி எடை கூடும். நிறுவைகளில் மிகக் குறைந்ததை எடுங்கள்.

எடை குறைந்துகொண்டே போனால் சரக்கைப் பாருங்கள். கராம்பு, ஏலம், கறுவா ஆகியவற்றில் நீரோடு வாசனை எண்ணெயும் பறக்கிறது. நீங்கள் ஈரம் என்று எழுதுவதில் ஒரு பங்கு எண்ணெய். இவற்றுக்குத் தொலுயீனோடு காய்ச்சி, வடிந்த நீரின் கனவளவை அளவுக்குழாயில் வாசிக்கும் முறைதான் சரி. வெல்லம் சேர்ந்த லேகியம் 105இல் கருகிச் சிதையும். வெற்றிடக் கனலடுப்பில் 70 பாகைக்குள் உலர்த்துங்கள்.

எண் ஏறி இறங்கி ஆடினால் தராசு. குமிழி நடுவில் இருக்கிறதா, விசிறி நிறுத்தியாயிற்றா, மின் வந்து அரை மணி நேரமாவது ஆயிற்றா என்று பாருங்கள். சூடான புடக்குகையை நிறுத்தால் மேலெழும் காற்று எடையைக் குறைத்துக் காட்டும். இவை எல்லாம் சரியாகியும் 100 கிராம் நியமப் படி ஒவ்வொரு தடவையும் வேறு எண் காட்டினால் தராசைத் திறக்காதீர்கள். அளவுத்திருத்தக்காரரைக் கூப்பிடுங்கள். தராசை வேறு ஊருக்கோ வேறு அறைக்கோ மாற்றியிருந்தால் திருத்தம் கட்டாயம்.

சாம்பல் கறுப்பாகவே இருக்கிறது

வேகமாகச் சூடேற்றினால் உப்பு உருகிக் கரியை மூடிக்கொள்ளும். ஆறவிட்டு 2 மி.லீ. நீர் விட்டு நனைத்து, நீராவித்தொட்டியில் உலர்த்தி மீண்டும் எரியுங்கள். அடுத்த மாதிரியை மெல்லிய சுவாலையில் புகை அடங்கும் வரை கருக்கிய பிறகே உலைக்குள் வையுங்கள். உலையை 600 பாகைக்கு மேல் விடாதீர்கள்; குளோரைட்டு ஆவியாகும். உலை காட்டும் எண்ணும் உள்ளே உள்ள சூடும் வேறுபடுகிறது என்று சந்தேகித்தால் சூட்டை உணரும் வெப்பவிணையை மாற்றத் தொழில்நுட்பவியலாளர் வேண்டும்.

சாம்பல் அளவுக்கு மேல் வருகிறது

இரண்டாகக் கிளைக்கிறது. அந்தச் சாம்பலில் ஐதான ஐதரோகுளோரிக் அமிலம் 25 மி.லீ. விட்டு 5 நிமிடம் மெதுவாகக் கொதிக்கவைத்து, சாம்பலற்ற வடிதாளில் வடித்து, வெந்நீரால் கழுவி, மீண்டும் எரித்து நிறுங்கள்.

*கரையாத சாம்பலும் கூடியிருந்தால்* மணல் அல்லது மண். வேரைக் கழுவாமல் நறுக்கியிருப்பார்கள், அல்லது நிலத்தில் காயப்போட்டிருப்பார்கள். நிலாவெளிப் பக்க மணலில் பாய் விரிக்காமல் காயவைத்த வேரில் இது சாதாரணம். கொஞ்ச வேரை எடுத்து நீங்களே கழுவி உலர்த்தி மீண்டும் சோதியுங்கள். எண் இறங்கினால் கலப்படம் அல்ல, கவனக்குறைவு. அறிக்கையிலும் அப்படியே எழுதுங்கள்.

*மொத்தம் மட்டும் கூடி, கரையாதது வழமையாக இருந்தால்* உப்பு அல்லது சுண்ணாம்பு. தூளை நீரில் கலக்கி வடித்து, நைத்திரிக் அமிலம் ஒரு துளி, வெள்ளி நைத்திரேற்று ஒரு துளி. தடித்த வெண்வீழ்படிவு என்றால் உப்பு. அமிலத்தில் நுரைத்தால் சுண்ணாம்பு. வேர்க்கொம்பைப் பூச்சி அரிக்காமலிருக்கச் சுண்ணாம்பு பூசுவது பழைய வழக்கம். இந்தத் துளிச் சோதனையை உங்கள் காய்ச்சி வடித்த நீரிலும் செய்யுங்கள். அதுவே கலங்கினால் வடிகருவிக்குள் கிணற்று நீர் தெறிக்கிறது. கடத்துதிறன் சென்ரிமீற்றருக்கு 5 மைக்ரோசீமன்சுக்கு மேல் போனால் கொதிகலத்தின் காறையை ஐதான அசற்றிக் அமிலத்தால் கரைத்துக் கழுவுங்கள்.

நீர்த்தல் கூடக் கூடக் கொலனியும் கூடுகிறது

1:10 நீர்த்த தட்டில் 8 கொலனி, 1:100இல் 60, 1:1000இல் 7. எண்ணியவர் பிழைவிட்டார் என்று முதல் தட்டை எறியாதீர்கள். சரக்கே கிருமியைத் தடுக்கிறது. கராம்பு, கறுவா, வேம்பு ஆகியவற்றில் இது நடக்கும். 1:10 தட்டில் மருந்து செறிவாக இருக்கிறது. நீர்த்ததும் அதன் கை தளர, கிருமி எழும்புகிறது. 1:10 தட்டை மட்டும் போட்டு "மிகச் சுத்தம்" என்று எழுதுவதே இதன் ஆபத்து.

முதலில் நீர்த்தல் வரிசையை நீட்டுங்கள். அடுத்தடுத்த தட்டுகளில் எண் பத்தில் ஒன்றாகக் குறையும் இடத்திலிருந்து கணக்கெடுங்கள். பிறகு நீர்த்தும் கரைசலில் பொலிசோர்பேற்று 80, லெசிதின் சேர்த்து மருந்தை முடக்கிப் பாருங்கள். அதற்கும் மசியாவிட்டால் சவ்வு வடிகட்டி: கிருமி சவ்வில் தங்கும், மருந்து கழுவிப் போகும். எதைச் செய்தாலும் மீட்புச் சோதனை வேண்டும். 100க்கு உட்பட்ட தெரிந்த எண்ணிக்கைக் கிருமியைச் சரக்கோடும் சரக்கில்லாமலும் போடுங்கள். சரக்கோடு போட்டதில் பாதிக்கும் குறைவாக வந்தால் தடுப்பு இன்னும் தீரவில்லை.

சல்மொனெல்லா தேடும்போது இது கடுமையாகும். சாதாரண முறை 25 கிராமுக்கு 225 மி.லீ. புரோத் (கிருமி வளர்க்கும் திரவம்). கறுவாவுக்கு 1:100, கராம்புக்கு 1:1000 நீர்த்தல் தேவை. கராம்பு 25 கிராமுக்கு 25 லீற்றர் புரோத் என்று கணக்கு வரும். சிறிய கூடத்தில் செய்யாமல் அனுப்பிவிடுங்கள். உள்ளி, வெங்காயத் தூளுக்குப் பொற்றாசியம் சல்பைற்று 0.5 வீதம் சேர்த்த புரோத். தட்டில் கரும்புள்ளிக் கொலனி வந்ததும் "சல்மொனெல்லா" என்று எழுத வேண்டாம், வேறு கிருமிகளும் கறுக்கும். ஊனீர்ச் சோதனை வரை உறுதிப்படுத்தும் கூடத்துக்கு அந்தக் கொலனியையே அனுப்புங்கள்.

எண்ணிக்கை எல்லைக்கு உலக சுகாதார நிறுவனத்தின் மூலிகைக் குறிப்பைப் பார்த்தால், உள்ளுக்குக் கொடுக்கும் மருந்தில் கிராமுக்கு மொத்தப் பற்றீரியா 1,00,000, பூஞ்சணம் 1,000, ஈ.கோலை 10, கொதிநீரில் காய்ச்சும் குடிநீர்ச் சரக்கில் மொத்தம் 1,00,00,000, பூஞ்சணம் 10,000, ஈ.கோலை 100. எந்தப் பாவனை என்று கேட்காமல் எல்லையைப் பொருத்தினால் நல்ல குடிநீர்ச் சரக்கும் தோற்கும்.

வெற்றுத் தட்டிலும் வளர்கிறது

கொலனி தட்டின் மேற்பரப்பில் மட்டும் என்றால் காற்று. மழைக்காலத்தில் குளிரூட்டியின் வடியை முதலில் கழுவுங்கள். பூஞ்சணத்தின் பண்ணை அது. தட்டில் ஊற்றிய ஏகார்க் கூழுக்கு உள்ளேயும் இருந்தால் ஓட்டோகிளேவ். மானி 15 இறாத்தல் காட்டியும் வெப்பமானி 121 பாகைக்குக் கீழ் நின்றால் உள்ளே காற்று அடைபட்டிருக்கிறது. நீராவி நேர்கோடாக, இடைவிடாமல் 5 நிமிடம் வெளியேறிய பின்பே வால்வை மூடுங்கள். குடுவைகளை நெருக்கி அடுக்காதீர்கள். கோடிட்ட நாடா நிறம் மாறுவது சூடு பட்டதற்கு மட்டுமே சாட்சி. மாதம் ஒருமுறை, வெப்பம் தாங்கும் கிருமி வித்திகள் உள்ள குப்பியை நடுவில் வைத்துப் பாருங்கள். வால்வு, றப்பர் வளையம், மானி எதுவானாலும் தெரிந்த தொழில்நுட்பவியலாளரே தொட வேண்டும். அமுக்கப் பாத்திரத்தில் கைவைத்தியம் கிடையாது.

பூஞ்சண எண்ணிக்கை நாளுக்கு நாள் மாறுகிறது

பூஞ்சணத் தட்டு 20 முதல் 25 பாகையில் 5 முதல் 7 நாள் இருக்க வேண்டும். பல இடங்களில் "அறை வெப்பநிலை" என்று அலுமாரியில் வைக்கிறார்கள். திருகோணமலை அறை பெரும்பாலான மாதங்களில் 25ஐத் தாண்டும். குளிரூட்டும் வசதியுள்ள இன்கியூபேற்றர் இல்லாமல் இந்தச் சோதனையை ஏற்காதீர்கள். மின்வெட்டு நேரத்தைப் பதிவேட்டில் எழுதுங்கள். பற்றீரியாத் தட்டில் ஒரே கொலனி படர்ந்து மூடினால் தட்டின் ஈரம்; ஏகார் இறுகியபின் மூடியைச் சற்று நீக்கி உலரவிட்டு, இன்னொரு மெல்லிய படை ஏகார் ஊற்றுங்கள்.

தேன்: ஈரம் 20 வீதத்தைத் தாண்டுகிறது, அல்லது றெசோசினோலில் சிவக்கிறது

ஒளிமுறிவை அளந்து ஈரம் அறியும் முறிவுமானியின் அட்டவணை 20 பாகைக்கு. அறை 30 பாகை என்றால் ஒவ்வொரு பாகைக்கும் 0.00023 கூட்ட வேண்டும். கூட்டாவிட்டால் ஈரம் ஏறக்குறைய 0.9 வீதம் அதிகமாகத் தெரியும், 19.5 உள்ள காட்டுத்தேன் தோற்றுவிடும். உறைந்த தேனை 50 பாகைக்கு மேல் போகாமல் இளக்கிக் கலக்கிய பிறகே வாசியுங்கள்.

றெசோசினோல் சிவப்பு சீனிப்பாகை மட்டும் காட்டுவதில்லை. தகரக் கூரையின் கீழ் மாதக்கணக்கில் கிடந்த நல்ல தேனும் சிவக்கும். எச்.எம்.எஃப். (தேன் சூடுபட்டாலும் பழசானாலும் உண்டாகும் சேர்வை) அளவு வேண்டும்: பொது எல்லை கிலோவுக்கு 40 மி.கி., வெப்பமண்டலத் தேனுக்கு 80. கரும்புச் சீனியைக் காபன் சமதானிச் சோதனை பிடிக்கும், அரிசிப்பாகை அது பிடிக்காது. இரண்டும் இங்கே செய்யும் வேலை அல்ல.

மீனில் போமலின் கிற் நிறம் காட்டுகிறது

மீன், கணவாய், இறால் செத்தபின் அவற்றின் உடலிலேயே போமல்டிகைட்டு (போமலின் இதன் நீர்க்கரைசல்) சிறிதளவு உண்டாகும். சில இனங்களில் கூடுதலாக. அதே இனத்தில், தோணியிலிருந்து அப்போதே இறக்கிய மீனைப் பக்கத்தில் சோதியுங்கள். இரண்டும் ஒரே நிறமென்றால் நிறுத்துங்கள். வேறுபாடு தெளிவாக இருந்தால் மட்டும் அளவறியும் கூடத்துக்கு, பனியில் வைத்து.

ஈயம், இரசம், கட்மியம் சந்தேகம்

கடையில் கிடைக்கும் நிறத்தாள்கள் இதற்கு உதவாது. உலக சுகாதார நிறுவன எல்லை ஈயம் கிலோவுக்கு 10 மி.கி., கட்மியம் 0.3. இந்த அளவை அணுவுறிஞ்சல் கருவியோ ஐ.சி.பி. கருவியோதான் காணும். நீங்கள் செய்யக்கூடியது மாதிரியைக் கெடுக்காமலிருப்பது. வெண்கல உரலில் இடிக்காதீர்கள், நிறம் பூசிய கிண்ணத்தில் வைக்காதீர்கள். பாத்திரத்தை 10 வீத நைத்திரிக் அமிலத்தில் ஓர் இரவு ஊறவைத்துக் கழுவுங்கள். பற்பம், செந்தூரம் ஆகியவற்றில் உலோகம் மருந்தின் பகுதியாகவே சேர்ந்திருக்கும். இலைச் சூரணத்தோடு ஒரே படிவத்தில் அனுப்பினால் விடை அர்த்தமில்லாமல் வரும். மருந்தின் பெயரையும் வகையையும் தெளிவாக எழுதுங்கள்.

கொழும்புக்கு அனுப்ப வேண்டியபோது

உலோகம், பூச்சிகொல்லி, அஃபிளாரொக்சின் அளவு ஆகியவற்றுக்குக் கைத்தொழில் தொழில்நுட்ப நிறுவனம் போன்ற, சோதனைக்கூடங்களுக்கான ஐ.எஸ்.ஓ. 17025 அங்கீகாரம் உள்ள கூடத்தைப் பாருங்கள். அங்கீகாரம் கூடத்துக்கு மொத்தமாக அல்ல, ஒவ்வொரு சோதனைக்கும் தனியாகக் கிடைப்பது. உங்களுக்கு வேண்டிய சோதனை பட்டியலில் உண்டா என்று கேட்டபின் அனுப்புங்கள். வழக்குக்குப் போகும் மாதிரி என்றால் நீங்கள் தொடவே வேண்டாம். 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டத்தின் கீழ் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் போன்ற அதிகாரம் பெற்ற அலுவலர் எடுத்து முத்திரையிட்டு அனுப்ப வேண்டியது அது.

காய்ந்த சரக்குக்கு ஐஸ் வைக்காதீர்கள்; பெட்டி திறந்ததும் வியர்த்து ஈரமாகும். இரட்டைப் பொலித்தீன், இடையில் சிலிக்காப் பொதி போதும். மீன், தயிர் போன்றவை 2 முதல் 8 பாகையில், மறுநாள் காலை சேரும்படி இரவு வண்டியில். அதே கலவையில் பாதியை முத்திரையிட்டு உங்கள் அலுமாரியில் வையுங்கள். சிட்டையில் சரக்கின் பெயர், எடுத்த இடம், திகதி, நேரம், எடை, கேட்கும் சோதனை, பாவனை ஆகியவற்றைப் பென்சிலால் எழுதுங்கள். மதுசாரம் பட்டால் பேனா மை கரையும். உங்கள் சந்தேகத்தைச் சிட்டையில் எழுதாதீர்கள், தனிக் கடிதத்தில் எழுதுங்கள்.